கேட்டை இல்லாத வானம்

நான் பிறந்தது கேட்டை நட்சத்திரத்தில். கேட்டையில் பிறந்த பெண் மருமகளாக வந்தால் மாப்பிள்ளையின் அண்ணனுக்கு ஆகாது என்று எங்கள் பக்கம் ஒரு நம்பிக்கை. அதனால் என் ஜாதகம் போன வேகத்திலேயே திரும்பி வந்துகொண்டிருந்தது. என் கணவருக்கும் ஓர் அண்ணன் உண்டு. ஆனாலும் இவர் ஒற்றைக் காலில் நின்று என்னைக் கட்டிக்கொண்டார். "இதெல்லாம் நான் நம்பல" என்று பெண் பார்க்க வந்த அன்றைக்கே என்னிடம் சொன்னார். அந்த ஒரு வார்த்தைக்காகவே இவருடைய முன்கோபம், குறட்டை, சாப்பாட்டில் சொல்லும் நொட்டை எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டேன்.

அண்ணனும் தம்பியும் சேர்ந்து சிவகாசியில் அச்சகம் நடத்துகிறார்கள். காலண்டரும் பட்டாசு லேபிளும்தான் எங்கள் பிழைப்பு. லேபிளுக்காகப் பெட்டிகளைப் படம் எடுக்க வாங்கிய கேமரா ஒன்று, சீசன் முடிந்ததும் அலமாரியில் சும்மா கிடக்கும். மகள் கோயம்புத்தூருக்குப் படிக்கப் போய் வீடு வெறிச்சென்று ஆன வருஷம், அதை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போனேன். முதலில் எடுத்தது நிலாவை. இட்லி மாதிரி வந்தது. அப்புறம் நட்சத்திரங்களை எடுத்தேன். புள்ளியாக இருக்க வேண்டியது ஒவ்வொன்றும் அப்பளமாக விரிந்திருந்தது. ஃபோகஸ் சரியில்லை என்று புரியவே எனக்கு ஒரு மாசம் பிடித்தது.

யூடியூபைப் பார்த்துத்தான் படித்தேன். ஷட்டரைப் பத்துப் பதினைந்து விநாடிக்கு மேல் திறந்து வைத்தால் பூமி சுற்றுவது படத்தில் தெரிந்துவிடும். நட்சத்திரங்கள் கோடாக இழுபடும். அதனால் சின்னச் சின்னதாக நிறைய எடுத்து, கம்ப்யூட்டரில் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்க வேண்டும். இதெல்லாம் தெரிந்த பிறகும் சிவகாசி வானம் மசியவில்லை. ஊர் வெளிச்சம் பாதி, புகை பாதி.

"வெம்பக்கோட்டைப் பக்கம் நம்ம காடு இருக்குல்ல, அங்கன போயிப் பாப்போமா?" என்று அவர்தான் கேட்டார். காடு என்றால் மழையை நம்பிக் கம்பும் சோளமும் விதைக்கிற நிலம். எட்டத்தில் ஒரு பட்டாசு ஆலையின் காவல் விளக்கைத் தவிர வெளிச்சமே கிடையாது. அமாவாசையை ஒட்டி விடிவதற்கு முன்னால் கிளம்புவோம். டார்ச் வெளிச்சம் கண்ணைக் கூசாமல் இருக்க, ஆபீசிலிருந்து சிவப்புக் கண்ணாடித்தாள் எடுத்து வந்து அவரே அதன்மேல் ஒட்டினார். காற்றில் கேமரா ஸ்டாண்டு ஆடாமல் இருக்க இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். எனக்கு அதைவிடச் சந்தோஷமான காலம் இருந்ததில்லை.

எனக்கு வேண்டியது கேட்டைதான். என் கல்யாணத்துக்குக் குறுக்கே நின்ற அந்தச் சனியன் எப்படித்தான் இருக்கும் என்று பார்க்க வேண்டும். பங்குனியில் ஒரு விடியலில் கிடைத்தது. பால்வெளியின் ஓரத்தில், தேள் மாதிரி வளைந்து கிடக்கும் நட்சத்திரக் கூட்டத்துக்குள், செக்கச்செவேல் என்று, குங்குமப் பொட்டு மாதிரி. இம்புட்டு அழகையா ஆகாது என்றார்கள்? அவருக்கும் காட்டினேன். "தேளோட கொடுக்குலேர்ந்து மேல ஏறி வாங்க. செவப்பா ஒண்ணு நிக்கும் பாருங்க, அதான் நான்."

அவர் ரொம்ப நேரம் அண்ணாந்து பார்த்தார். "இத நம்ம ஆல்பத்துல போடுவோம்" என்றார்.

ஆடிப்பெருக்கு அன்றைக்குத்தான் எங்கள் ஊரில் அடுத்த வருஷத்துக் காலண்டர் ஆல்பம் வெளிவரும். சாமி படம், குழந்தை படம், இயற்கைக் காட்சி என்று மாதிரிகளை எல்லாம் ஒன்றாகச் சேர்த்துப் பூஜையில் வைத்து ஏஜெண்டுகளுக்குக் கொடுப்போம். அதைப் பார்த்துத்தான் ஆர்டர் வரும். ஊர் ஊராக வீட்டுச் சுவரில் என் கேட்டை தொங்கப் போகிறது என்று நான் மிதந்துகொண்டிருந்தேன்.

சித்திரையில் அவருடைய அண்ணனுக்கு நெஞ்சு வலி வந்தது. மதுரைக்குக் கொண்டுபோய் ஸ்டென்ட் வைத்துப் பிழைக்க வைத்தோம். மதுரையிலேயே தங்கி, ஆஸ்பத்திரிக்கு வேளை தவறாமல் கஞ்சி காய்ச்சிக் கொண்டுபோனது நான்தான்.

ஆனியில் படத்தின் புரூஃப், அதாவது சரிபார்க்க எடுக்கும் மாதிரித் தாள், வந்தது. பால்வெளி இருந்தது. தேள் கொடுக்கு இருந்தது. கேட்டையைக் காணோம். அந்த இடத்தில் வெறும் கருப்பு.

"தூசின்னு நெனச்சுத் தொடைச்சிருப்பாக" என்றார் என் கணவர், தாளைப் பார்க்காமலேயே. "விடு, அச்சடிக்கப் பிளேட்டு போட்டாச்சு, இனிமே மாத்த முடியாது."

நானும் நம்பினேன். அச்சகத்தில் கருப்பில் தனியாக ஒரு புள்ளி தெரிந்தால் முதலில் தூசி என்றுதான் துடைப்பார்கள். ஆனால் இரவில் படுத்தால் ஒரு கேள்வி குடைந்தது. அதைவிடப் பொடிப்பொடியான புள்ளிகள் எல்லாம் தப்பித்திருக்க, இத்தனை பெரியதை மட்டும் எப்படித் தூசி என்று நினைப்பார்கள்? கம்ப்யூட்டரில் டிசைன் செய்கிற பெண்ணிடம் கேட்டேன்.

"நானா எடுக்கலக்கா. சின்ன மொதலாளிதான் பக்கத்துல உக்காந்து எடுக்கச் சொன்னாக" என்றாள். "எனக்கு எதுன்னு தெரியல. கொடுக்குலேர்ந்து மேல ஏறி வா, செவப்பா ஒண்ணு நிக்கும், அதைன்னாக."

சின்ன மொதலாளி என்றால் என் கணவர். நான் சொல்லிக்கொடுத்த அதே வார்த்தைகள்.

அண்ணன் சொல்லித்தான் செய்திருப்பார் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். பெரியவர் பேச்சைத் தட்ட முடியாமல் செய்திருந்தால் மன்னித்துவிடலாம். ஆடிப்பெருக்கன்று பூஜை முடிந்து பெரியவர் ஆல்பத்தைப் புரட்டிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் போனேன்.

"படம் நல்லா வந்திருக்கும்மா" என்றார்.

"கேட்டைய எடுக்கச் சொன்னீகளாமே அத்தான்?"

"எந்தக் கேட்டை?" என்று கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். விஷயத்தைச் சொன்னதும் சிரித்துவிட்டார். "அட, அதை இன்னுமா நெனச்சுக்கிட்டு இருக்கீக? எனக்கு நெஞ்சு வலி வந்தது பீடியாலம்மா." என் கணவர் சற்றுத் தள்ளி ஏஜெண்டுகளுக்குச் சர்க்கரைப் பொங்கல் கொடுத்துக்கொண்டிருந்தார். திரும்பியே பார்க்கவில்லை.

வீட்டுக்கு வரும் வழியில் காரில் கேட்டேன். "இதெல்லாம் நம்பலன்னு அன்னைக்குச் சொன்னீகளே?"

சாட்சியாபுரம் தாண்டியதும் சொன்னார்: "அப்ப அண்ணனுக்கு ஒண்ணும் ஆகலியே."

எனக்கு அழுகை வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது. இத்தனை வருஷமும் இவர் நம்பாமல் இருக்கவில்லை. ஏதாவது ஆகிறதா என்று காத்திருந்திருக்கிறார். அந்தக் காட்டில் அவ்வளவு நேரம் அண்ணாந்து பார்த்தாரே, அப்போது என்ன நினைத்துப் பார்த்தார் என்று இன்றுவரை நான் கேட்கவில்லை.

அந்தப் படத்துக்கு நல்ல ஆர்டர் வந்தது. எங்கள் வீட்டு ஹாலிலும் அதுதான் தொங்குகிறது. படத்துக்குக் கீழே தினசரித் தாள். தினமும் காலையில் அவர்தான் கிழிப்பார். தாளில் அன்றைய நட்சத்திரம் அச்சாகியிருக்கும், மாதம் ஒருமுறை கேட்டை வரும். அதை மட்டும் மறுநாள் அவர் கிழிக்க வந்தால் நான் விடுவதில்லை. "இருக்கட்டும்" என்பேன். அவர் கையை எடுத்துக்கொண்டு குளிக்கப் போய்விடுவார்.