கப்பல்துறையில் இறக்கப்பட்ட சித்தி

வினாகிரியின் புளிப்பு மணம் பட்டால் இன்றைக்கும் எனக்கு முகம் கன்றிப்போகும். தொண்ணூறுகளில், திருகோணமலைத் துறைமுகத்துக்குக் கிட்ட இருந்த எங்கள் வீட்டுக் குசினியில், அம்மாவின் தங்கை ஸ்ரெல்லா சித்தி பின்னேரமானால் ஒரு சட்டி வினாகிரியில் இரண்டு கைகளையும் ஊறப்போட்டபடி இருப்பார்; தோல் தடித்தால் குத்தும்போது கிழியாது என்பது அவருடைய நம்பிக்கை. துறைமுகத் தொழிலாளியான அம்மப்பா ஆண்பிள்ளை இல்லாத குறைக்கு இளைய மகளுக்குக் குத்துச்சண்டை பழக்கிவிட்டுக் கண்ணை மூடியிருந்தார். வேப்பமரத்தில் தொங்கிய உரச்சாக்கு மூட்டையில் சித்தி குத்துகிற சத்தம் ஒழுங்கை முழுக்கக் கேட்கும்.

பெண்கள் பதக்கத்துக்கே மேடையேறாத அந்தக் காலத்தில், சித்தி கொழும்பில் காசுக்கு மேடையேறினார். எங்கள் பக்கத்தில் அப்படிச் செய்த முதல் பெண் அவர்தான். நான்கு முறை ஏறினார், நான்கிலும் வென்றார். நான் பெருமைப்பட்டிருக்க வேண்டும். எனக்கோ பள்ளிக்கூடத்துப் பெட்டைகள் என்னைக் "குத்துக்காரி வீட்டுப் பிள்ளை" என்று கூப்பிட்டதுதான் பெரிதாக இருந்தது. மாதா கோயிலில் சித்தி பக்கத்தில் வந்து இருந்தால் மெல்லத் தள்ளிப்போய் இருந்துகொள்வேன்.

ஐந்தாவது போட்டிக்கு வெளிநாட்டுக்காரி ஒருத்தி வருவதாக இருந்தது. அவளை வென்றால் சித்தியும் வெளிநாட்டு மேடைகளுக்குப் போகலாம். "குமர்ப்பிள்ளை தனியப் போகக்கூடாது" என்று அம்மா பத்து வயதான என்னைத் துணைக்கு அனுப்பினார். கண்டி வீதியில், கப்பல்துறை இராணுவச் சோதனைச்சாவடியில் எல்லோரையும் பஸ்ஸால் இறக்கினார்கள். கையில் காய்ப்பு இருந்தால் இயக்கத்தில் ஆயுதப் பயிற்சி எடுத்த ஆள் என்று பிடிக்கிற நாட்கள் அவை. சித்தியின் கைமுட்டிகளைப் பார்த்த பெண் சிப்பாய் சத்தம்போட்டு அதிகாரியை அழைத்தாள். "பொக்சிங்" என்றார் சித்தி. அவர்கள் சிரித்தார்கள். பெண் ஒருத்தி பொக்சிங் அடிப்பதை அங்கே யாரும் கேள்விப்பட்டதில்லை. காட்டலாம் என்றால், கையுறைகள் கொழும்பில் பயிற்சியாளரிடம் இருந்தன.

தமிழ் தெரிந்த அதிகாரி என் பக்கம் குனிந்தார். "சித்தி வீட்டில் குத்துச்சண்டை பழகுறாவா?"

"சொல்லு பிள்ளை, பயப்பிடாத" என்றார் சித்தி.

அ, ஆ எழுதப் பழகுவதற்கு முன்னமே எங்களுக்கு வீட்டில் பழக்கியது ஒன்று உண்டு. "ஆமிக்காரன் என்ன கேட்டாலும் தெரியாது எண்டு சொல்லு. தவளை தன்ர வாயாலதான் கெடும்" என்று அம்மா சோற்றை வாயில் தீத்தும்போதுகூடச் சொல்லுவார்.

"தெரியாது" என்றேன்.

அதிகாரி திரும்பவும் கேட்டார். "தெரியாது" என்றேன்.

"என்ர குஞ்செல்லே, உண்மையைச் சொல்லம்மா." சித்தி கெஞ்சியதை நான் அன்றைக்குத்தான் முதன்முதலில் கேட்டேன். வரிசையில் எனக்குப் பின்னால் என் வகுப்புப் பெட்டை ஒருத்தி தாயோடு நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்றாம் முறையும் அதையே சொன்னேன்.

பஸ்ஸில் வந்த வாத்தியார் ஒருவர் என்னை வீட்டில் கொண்டுவந்து விட்டார். தடுத்து வைக்கப்பட்ட சித்தி வர மூன்று கிழமை ஆனது. அதற்குள் போட்டி முடிந்துவிட்டது. அவருடைய இடத்தில் வேறொருத்தி ஏறியிருந்தாள். பிறகு கொழும்பிலிருந்து யாரும் சித்தியைக் கூப்பிடவில்லை.

"பிள்ளை பழக்கினபடிதானே சொன்னவள்" என்று அம்மா எனக்காகப் பரிந்து பேசினார். "ஓம், அவள் சின்னன்" என்றார் சித்தியும். நானும் பல வருடம் அப்படியே நம்பப் பார்த்தேன், ஏலவில்லை. முதல் முறை வாய் பழக்கத்தில் சொன்னது. மூன்றாம் முறை அப்படியில்லை. வகுப்புக்காரி பார்த்திருக்க, "ஓம், இவ குத்துக்காரிதான், என்ர சித்திதான்" என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்தை நினைத்துத்தான் இவ்வளவு காலமும் வெட்கப்படுகிறேன்.

இப்போது கப்பல்துறையில் யாரையும் இறக்குவதில்லை. சாவடி நின்ற இடத்தில் பற்றை மண்டிக் கிடக்கிறது. போன மாதம், பள்ளிக்கூடத்தில் பெட்டைகளுக்குக் குத்துச்சண்டை பழக்கும் இளம் ஆசிரியை ஒருவர் சித்தியைத் தேடி வீட்டுக்கு வந்தார்.

"நாலும் வெண்டிருக்கிறீங்கள். பிறகு ஏன் அன்ரி விட்டனீங்கள்?"

சித்தி என் பக்கம் திரும்பவே இல்லை. "கலியாணம் கட்டினனான், பிள்ளை. அதோட விட்டாச்சு."

சித்தி கலியாணம் கட்டியது கப்பல்துறையில் இறக்கப்பட்டு ஆறு வருடம் கழித்து. ஆசிரியை அவர் சொன்னதைக் கொப்பியில் எழுதிக்கொண்டிருந்தார். நான் தேத்தண்ணிக் கோப்பைகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன்.