மொட்டைக் கோழிகளுக்குக் கம்பளிச் சட்டை

படகு மோட்டார்ச் சத்தம் கேட்டாலே எதெல்மிரா சிகுவாய் அந்த மே மாதம் முழுவதும் கோழிக்கூட்டை இழுத்துச் சாத்த ஓடினாள். எதிர்த் தீவில் பறவைக் காய்ச்சல் வந்தபோது அதிகாரிகள் அப்படித்தான் படகில் வந்திறங்கினார்கள். ஒரு வீட்டில் தொடங்கி, அந்தக் கரையில் இருந்த கோழி அத்தனையையும் கொன்று சுண்ணாம்பு போட்டுப் புதைத்துவிட்டுப் போனார்கள்.

இவளிடம் இருந்தவை பதினொன்று. நீல முட்டையிடும் சாதி. புருஷனைக் கடல் கொண்டுபோன பிறகு விறகும் மாவும் அந்த முட்டைகளால்தான் வீட்டுக்கு வந்தன.

முதலில் முட்டை நின்றது. பிறகு கூடு நிறைய இறகு. கோழி இறகு உதிர்ப்பது அவள் அறியாததல்ல. ஆனால் அது வெயில் குறைகிற நாட்களில் கொஞ்சம் கொஞ்சமாக நடக்கும். இந்த வருஷமோ, உலகின் அந்தத் தென்கோடித் தீவில் மே மாதத்து மழையும் குளிரும் இறங்கிய பிறகு, ஒரே வாரத்தில் நாலு கோழிக்கு முதுகு மொட்டை. தொட்டால் அலறிக்கொண்டு ஓடின. நோய்தான் என்று அவளே தீர்ப்பு எழுதிவிட்டாள். உதிர்ந்ததைப் பொறுக்கி அடுப்பில் எரித்தாள். பொசுங்கும் நாற்றம் வெளியே போகாமல் சன்னலைச் சாத்தினாள்.

குளிர் என்றால் அந்தத் தீவுப் பெண்களின் கை தானாகப் பின்னல் ஊசியைத் தேடும். நாலு மொட்டைகளுக்கும் ஆட்டுக் கம்பளியில் கச்சிதமாகச் சட்டை பின்னிப் போட்டாள். நழுவாதபடி நல்ல இறுக்கமாக.

மூன்றாம் நாள் காலையில் சாம்பல் கோழியின் சட்டை முழுக்க ரத்தம். மற்றவை சுற்றி நின்று அதே இடத்தைக் கொத்திக்கொண்டிருந்தன.

அடுத்த வீட்டு ரொசால்பா நவெல்கின் முப்பது வருஷம் சுகாதார நிலையத்தில் புண் கழுவிக் கட்டுப்போட்டவள். நோயை மறைக்கிற ஜாதி இல்லை. அதனாலேயே எதெல்மிரா அதுவரை அவளிடம் வாய் திறக்கவில்லை. இப்போது ரத்தம் நிற்கவில்லை. வேறு வழியில்லாமல் ஓடிப்போய் அவளைக் கூட்டிவந்தாள்.

ரொசால்பா கோழியைத் துண்டில் சுற்றிச் சமையல் மேஜைமேல் வைத்துக்கொண்டு கேட்டாள்.

"தீனி எடுக்குதா?"

"எடுக்குதுக்கா."

"மூக்குல சளி, கழுத்துக் கோணல், திடீர்னு எதுவும் செத்துச்சா?"

"இல்ல."

"அப்புறம் எதுக்குடி எழவு விழுந்த வீடு மாதிரி பூட்டி வச்சிருக்க?"

கத்தரியால் சட்டையை வெட்டினாள். முதுகு முழுக்க நீலமாய் முள் முள்ளாகக் குருத்துகள். அவற்றில் மூன்று முறிந்து கசிந்துகொண்டிருந்தன.

"இது புது இறகு. ஒவ்வொண்ணுக்குள்ளயும் ரத்தம் ஓடுது. அம்மைக் கொப்புளத்து மேல இறுக்கிச் சட்டை போட்ட மாதிரி பண்ணிருக்க."

உருளைக்கிழங்கு மாவை அள்ளி முறிவின்மேல் வைத்து, எதெல்மிராவின் விரலை அங்கே அழுத்தினாள். கொண்டை வெளுத்துக்கொண்டு வந்தது. விரலடியில் சின்ன இதயம் தடதடத்தது. அந்த நேரம் பார்த்து ஒரு படகு நெருங்கி, துறையில் மோட்டார் அணைந்தது. எதெல்மிரா கையை எடுத்துவிட்டுச் சன்னலைச் சாத்தத் திரும்பினாள்.

"கைய எடுத்தா இது செத்துடும். வர்றவன் வரட்டும், அழுத்து."

அழுத்தினாள். காலடிச் சத்தம் வேலியோரம் வந்து, நிற்காமல் மேட்டுப்பக்கம் போனது. மாவு சிவந்து, இறுகி, உலர்ந்தது.

மற்ற மூன்று சட்டைகளையும் வெட்டியெறிந்துவிட்டு ரொசால்பா கட்டளை போட்டாள். இதைத் தனியாக வை. காற்று நேராக அடிக்காத இடம், உலர்ந்த வைக்கோல். யாரும் தூக்கக் கூடாது. வெறும் சோளத்தில் இறகு வளராது. அவித்த சிப்பியும் மீனும் போடு.

"ஏதாவது ஒண்ணு தலை தொங்கித் தீனி எடுக்காம விட்டுச்சுன்னா, கால்நடை டாக்டருக்கு நானே போன் பண்ணுவேன். உன்னக் கேக்க மாட்டேன்."

அவள் போன பிறகு எதெல்மிரா சாம்பல் கோழியின் முன்னால் சிப்பித் தட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அது கண்ணை மூடிக் கிடந்தது. மதியம் தாண்டியும் அசையவில்லை. நாலு மணிக்குக் கழுத்தை நீட்டிச் சிப்பியை ஒரு கொத்துக் கொத்தியது. அவள் தட்டை இன்னும் கிட்டே நகர்த்தினாள். இன்னொன்று கொத்தியது.