சந்தனம் பூசிய குண்டுகள்

எழுபதுகளின் நடுவில், பாகூர்ப் பக்கம் ஒரு பள்ளியில் எனக்கு அறிவியல் டீச்சர் வேலை கிடைத்தது. தற்காலிக வேலைதான். வருடத்துக்கு ஒருமுறை வரும் கல்வி அதிகாரி நல்லபடியாக எழுதினால் நிரந்தரம், இல்லாவிட்டால் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான். அதிகாரியையாவது ஒரு நாள் சகித்துக்கொள்ளலாம். எங்கள் தலைமையாசிரியரைத் தினமும் சகிக்க வேண்டியிருந்தது.

அரசாங்கம் அனுப்பிய அறிவியல் பெட்டியை அவர் அலமாரியில் வைத்துப் பூட்டி, சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டிருந்தார். கேட்டால், பிள்ளைகள் உடைத்துவிடுவார்களாம். பெட்டியில் நான் ஆசைப்பட்டது ஒன்றே ஒன்றுதான்: மரச் சட்டத்தில் நூல் கட்டி வரிசையாகத் தொங்கும் ஐந்து எஃகுக் குண்டுகள். ஓரத்துக் குண்டை இழுத்து விட்டால், நடுவிலிருக்கும் மூன்றும் அப்படியே நிற்க, மறு ஓரத்துக் குண்டு மட்டும் எகிறும். எட்டாம் வகுப்புக்கு அதைப் படம் போட்டே சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். கரும்பலகையில் நீச்சல் கற்றுக்கொடுக்கிற லட்சணம்.

ஆயுதபூஜைக்குத்தான் அலமாரி திறந்தது. அவர் வீட்டாருக்குக் கடைத்தெருவில் மளிகை வியாபாரம். தராசுக்கும் படிக்கும் பொட்டு வைத்துப் பழகிய கை. கிண்ணம் நிறையச் சந்தனம் குழைத்துவந்து, குண்டுகள்மேல் அப்பு அப்பென்று அப்பினார். அது இடுக்குகளிலெல்லாம் இறங்கியது.

“சார், தொடச்சிடறேன். காஞ்சா ஒட்டிக்கும்” என்றேன்.

“பூஜ பண்ணதத் தொடைப்பாங்களா? இன்னா டீச்சர் நீங்க, வெளங்குமா?”

மறுபடியும் பூட்டிவிட்டார். அந்த மனிதரிடம் பக்தியும் கிடையாது, படிப்பும் கிடையாது. சாவி ஒன்றுதான் இருந்தது.

விடுமுறை முடிந்த வாரமே அதிகாரி வந்தார். தலைமையாசிரியர் பல்லைக் காட்டிக்கொண்டு அந்தச் சட்டத்தைத் தானே தூக்கிவந்து என் மேசைமேல் வைத்தார். நான் தொட்டுப் பார்க்கக்கூட விடவில்லை. அதிகாரி முதல் பெஞ்சில் இருந்த ஒரு பெண்ணை எழுப்பினார்.

“ஒரு குண்ட இழுத்து வுட்டா இன்னா ஆவும்?”

“அந்தாண்ட ஓரத்துல ஒண்ணு எகிறும் சார்.”

அதிகாரி ஓரத்துக் குண்டைப் பிடித்து இழுத்தார். காய்ந்த சந்தனத்திலிருந்து பிய்த்துக்கொண்டு வந்தது. விட்டார். தொப்பென்று பக்கத்துக் குண்டில் மோதியது. மற்ற நான்கும் ஒரே கட்டியாக லேசாக ஆடி நின்றன. மேசையெல்லாம் சந்தனத் தூள்.

“வெரி குட், கரெக்டா சொன்ன” என்று சொல்லிவிட்டு எழுத உட்கார்ந்தார் அந்த மகானுபாவர். புத்தகத்தில் இருப்பதை அவள் சொல்லிவிட்டாள். குண்டு என்ன செய்தால் அவருக்கென்ன?

அவள் உட்காரவில்லை. மேசையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“டீச்சர், எகிறலியே?”

அதிகாரி பேனாவை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார். தலைமையாசிரியர் என்னை முறைத்தார். சந்தனம் ஒட்டியிருக்கிறது, துடைத்தால் எகிறும் என்று சொல்ல எனக்கு ஒரு நொடி போதும். ஆனால் அந்தப் பேனாவில்தான் என் சோறு இருந்தது.

“எகிறிச்சி. நீ சரியா பாக்கல. உக்காரு” என்றேன்.

பேனா மறுபடி ஓடியது. அந்த வருடமே வேலை நிரந்தரமானது. தலைமையாசிரியரை நினைத்தால் இன்றும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. ஆனால் அந்தப் பொய்யை அவர் சொல்லவில்லை, நான்தான் சொன்னேன்.

அந்தப் பெண் வருடம் முழுவதும் அதே முதல் பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தாள். என்னிடம் இன்னொரு கேள்வி கேட்கவே இல்லை.