சிவப்புக் காரும் லோடு வண்டி இன்ஜினும்

பழைய கார் விற்பது, பெண் பார்க்க வருகிறவர்களுக்குக் காபி கொடுப்பது மாதிரிதான். குடித்து முடித்துவிட்டு, "வீட்ல கலந்துக்கிட்டு சொல்றோம்" என்று எழுந்து போய்விடுவார்கள். வீட்டில் ஒரு பொருளை வைத்துக்கொண்டு, வருகிறவர் போகிறவருக்கெல்லாம் காட்டிக் காட்டி அலுத்துப்போன தாய்மார்களுக்கு நான் சொல்வது புரியும்.

எங்கள் வீடு கடலூரில். பெரியவன் பிரபு சிதம்பரத்தில் கார் ஒர்க் ஷாப் வைத்திருக்கிறான். நெல்லிக்குப்பத்தில் ஒரு கொட்டகையில், கோழி அடைகாத்துக்கொண்டிருந்த ஒரு வெளிநாட்டுக் காரைப் பார்த்து ஆசைப்பட்டு வாங்கி வந்தான். சிவப்பு நிறம், இரண்டே கதவு, இரண்டே சீட்டு, மடக்கி வைக்கிற துணிக் கூரை, தரையோடு தரையாக உடம்பு. அதன் இன்ஜின் துருப்பிடித்துச் செத்துப்போயிருந்தது. அதற்குப் பதிலாகச் சின்ன லோடு வண்டியின் டீசல் இன்ஜினைப் பொருத்தி, ஆர்.டி.ஓ. ஆபீசில் காட்டி, ஆர்.சி.யிலும் ஏற்றி, ராஜா மாதிரி ஓட்டிக்கொண்டிருந்தான்.

மருமகள் கவிதாவுக்கு ஆறாம் மாதம் நடக்கும்போது சிக்கல் வந்தது. வளைகாப்பு முடிந்ததும் குமராட்சியில் இருக்கிற அவள் அம்மா வீட்டுக்குக் கொண்டுபோய் விட வேண்டும். "அத்தை, இந்தக் கார்ல உக்காந்தா எழுந்திரிக்க ரெண்டு பேரு கை குடுக்கணும், நான் வர மாட்டேன்" என்று சொல்லிவிட்டாள். அவள் சொன்னதில் தப்பில்லை. வளைகாப்புக்குள் இதை விற்றுவிட்டு, நாலு பேர் உட்காருகிற காராக வாங்குவதென்று முடிவானது. பிரித்து விற்கிறவனுக்கு மட்டும் கொடுக்கக் கூடாது என்று பிரபு ஒரே நிபந்தனை போட்டான். என் வீட்டுக்காரர் நழுவிக்கொள்ள, வருகிறவர்களிடம் பேசுகிற வேலை என் தலையில் விழுந்தது. அவன் பேசினால், குறை சொல்கிறவரோடு சண்டைக்குப் போய்விடுவான்.

எந்தக் கண்ணை நம்புவது

முதலில் வந்தவர் புதுச்சேரிக்காரர். கூலிங் கிளாஸைக் கழற்றாமலே காரைச் சுற்றிச் சுற்றிப் போட்டோ எடுத்தார். கார் என்னைவிட வயதில் மூத்தது என்றதும், செருப்பை வெளியே விட்டுவிட்டு உள்ளே உட்கார்ந்தார். விற்கிற விஷயத்தில் பொய் சொல்வதில்லை என்று சாமியிடம் சொல்லியிருந்ததால், இன்ஜின் மாற்றியதை முதலிலேயே சொன்னேன். அதனாலென்ன என்று சாவியைத் திருகினார்.

தடதடவென்று தெருவே அதிர்ந்தது. எதிர் வீட்டு அம்மா தண்ணீர் வண்டி வந்துவிட்டதாக நினைத்து, காலிக் கேனைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்து நின்றார். புதுச்சேரிக்காரர் இறங்கிச் செருப்பைப் போட்டுக்கொண்டார். "அம்மா, கண்ணத் தொறந்தா ராஜா வீட்டு வண்டி, கண்ண மூடுனா வாழத்தாரு எறக்க வந்த வண்டி. நான் எந்தக் கண்ண நம்புறது?"

ஒரே ஒரு கொக்கி

அடுத்தவர் நெல்லிக்குப்பத்தில் கரும்பு போடுகிறவர். காரின் அழகைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேரே பானெட்டைத் திறக்கச் சொன்னார். இன்ஜினைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது. இதே இன்ஜின் போட்ட வண்டி அவரிடமும் ஓடியதாம், ஒரு நாளும் நடுவழியில் நின்றதில்லையாம். குணம் தெரிந்த மனுஷர் வந்துவிட்டார் என்று நான் இரண்டாவது காபி போட்டேன்.

சாயங்காலம் பிரபுவிடம் பெருமையாகச் சொன்னேன். கரும்புக்காரர் கடைசியாகக் கேட்டதையும் சொன்னேன். தட்டில் கை கழுவிவிட்டு எழுந்து போய்விட்டான். அவர் கேட்டது இதுதான்: "அக்கா, பின்னாடி ஒரு கொக்கி மட்டும் வெச்சுக் குடுக்கச் சொல்லுங்க, கரும்பு டிரெய்லர மாட்டிக்கறேன்."

பாதி போதும்

வளைகாப்புக்கு நாள் குறித்தாகிவிட்டது. வளையலுக்கும் சொல்லியாகிவிட்டது. கார் மட்டும் அதே இடத்தில் நின்றது. அப்போதுதான் சிதம்பரத்திலிருந்து கல்யாண மண்டப அலங்காரம் செய்கிறவர் வந்தார். பேரமே பேசவில்லை. பாடலீஸ்வரருக்குத் தேங்காய் உடைப்பதாக மனசுக்குள் வேண்டிக்கொண்டேன்.

அவர் டேப்பை எடுத்து அளந்தார். பிறகு சாக்பீஸால் காரின் நடுவில், இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் ஒரு கோடு போட்டார். மேடையில் பெண்ணும் மாப்பிள்ளையும் சாய்ந்து நின்று போட்டோ எடுத்துக்கொள்வதற்காம். நாள் நெருங்குகிறதே என்று ஒரு நிமிஷம் மனசு தடுமாறியது உண்மைதான். ஆனாலும் வேண்டாமென்று முந்தானையால் கோட்டைத் துடைத்தேன். எனக்குச் சங்கடமாக இருக்கிறதென்று நினைத்து அவர் சமாதானம் சொன்னார்: "முன்னாடி பாதி போதும்மா. பின்னாடி பாதிய உங்க பையனே வெச்சுக்கட்டும், ஆசப்பட்டு செஞ்சதாச்சே."

பொட்டுக்கென்று விட்ட இடம்

பிறகு லால்பேட்டை ஹமீது பாய் வந்தார். மனைவியும் ஒரு மெக்கானிக்கும் கூட வந்தார்கள். பாய் வெளிநாட்டில் ஒரு பெரிய வீட்டில் டிரைவராக இருந்தவர். முதலாளியிடம் இதே மாதிரி கார் இருந்ததாம். பல வருஷம் துடைத்திருக்கிறார். வெயில் வந்தால் நிழலுக்கு நகர்த்தியதைத் தவிர ஓட்டியதே இல்லையாம்.

மெக்கானிக் ஆர்.சி.யைக் கையில் வைத்துக்கொண்டு இன்ஜின் நம்பரைத் தேடினார். நம்பர் இருக்க வேண்டிய இடத்தில் மஞ்சளும் சிவப்புமாக ஒரு மேடுதான் இருந்தது. நம்பரை மறைத்திருக்கிறார்கள், திருட்டு இன்ஜினாக இருக்கும் என்று அவர் பாயின் காதில் சொன்னது எங்கள் எல்லார் காதிலும் விழுந்தது. பிரபு ஒன்றும் புரியாமல் நின்றான். பாயின் மனைவி கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார்.

அந்த மேடு என் கைவேலை. இத்தனை தாழ்வான காரில் லாரிகளுக்கு நடுவே பையன் சிதம்பரம் போய்வருகிறானே என்று, வெள்ளிக்கிழமை தவறாமல் பானெட்டைத் திறந்து சந்தனமும் குங்குமமும் வைப்பேன். அத்தனை கரிக்கும் நடுவில் நெற்றி மாதிரி வழவழப்பாக ஒரு இடம் இருந்தது. பொட்டுக்கென்றே விட்டிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். தேங்காயெண்ணெயும் துணியும் கொண்டுவந்து நானே தேய்த்தேன். சூட்டில் இறுகியிருந்த சந்தனம் ஏடு ஏடாகப் பெயர்ந்து வந்தது. நம்பர் ஒவ்வொரு எழுத்தாக வெளியே வந்து, ஆர்.சி.யோடு அப்படியே பொருந்தியது.

பாய் சிரித்துவிட்டார். இதைப் பிரிக்க மாட்டேன், நானே ஓட்டுவேன் என்று பிரபுவின் கையைப் பிடித்துச் சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பினார். "அம்மா, நாங்க துஆ செஞ்சிட்டு வண்டிய எடுப்போம், நீங்க சந்தனம் வெச்சு எடுத்திருக்கீங்க. எல்லாம் சரி, பிரேக்க யாரு பாத்தது?"

போகிற வழிதான்

வளைகாப்புக்குப் பாய் குடும்பத்தையும் அழைத்திருந்தோம். வாசலில் புதுக் கார் மாலையோடு நின்றது. நாலு கதவு, சத்தமே கிடையாது. கவிதாவுக்கு வளையல் போட்டுக்கொண்டிருக்கும்போதே தெருமுனையில் தடதடவென்று கேட்டது. பிரபு சட்டென்று நிமிர்ந்தான். கவிதா அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

புறப்படும் நேரம் வந்தது. அவள் அம்மாவும் சொந்தக்காரர்களும் வேனில் முன்னாலேயே போய்விட்டார்கள். புதுக் காரின் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நான் நிற்கிறேன். கவிதா என்னைத் தாண்டிப் போய், சிவப்புக் காரின் பக்கத்தில் நின்றாள். பாயின் மனைவிக்குப் புரிந்துவிட்டது. லால்பேட்டையிலிருந்து வந்ததில் தன் இடுப்பே போய்விட்டதாகச் சொல்லி, புதுக் காரின் பின் சீட்டில் ஏறிக்கொண்டார். குமராட்சி தாங்கள் போகிற வழிதானே என்று பாய் சாவியைப் பிரபுவின் கையில் வைத்தார். எழுந்திரிக்க ரெண்டு பேர் வேணுமேம்மா என்று நான் கவிதாவிடம் மெதுவாகக் கேட்டேன். "அங்க எங்கம்மா ஒரு கை குடுப்பாங்க, பின்னாடியே வந்து நீங்க ஒரு கை குடுங்க அத்தை. அவர மெதுவா ஓட்டச் சொல்றேன்."

அப்படியாக, நாலு பேர் உட்கார வேண்டும் என்று வாங்கின புதுக் காரில், என் வீட்டுக்காரர் ஓட்ட, பழைய காரை வாங்கினவர்களும் நானுமாகச் சரியாக நாலு பேர் உட்கார்ந்து, பழத்தட்டுகளை மடியில் வைத்துக்கொண்டு, விற்றுவிட்ட காரின் லோடு வண்டிச் சத்தத்துக்குப் பின்னாலேயே குமராட்சி போய்ச் சேர்ந்தோம்.