‘நான் போலார்’ என்று எழுதிய டப்பா

பெயின்ட் அடிப்பதற்கு முன் பாகங்களைத் துடைத்துக் கொடுக்கும் வேலையில், கை வலிப்பதைவிட எந்த அழுக்குக்கு எந்தத் திரவம் என்று யோசித்துத் தலை வலிப்பதுதான் அதிகம். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். இதைத் தப்பும் தவறுமாகச் சொல்லிவிடுவேனோ என்று எழுதும்போதே பயமாக இருக்கிறது. ஆனால் உங்கள் கம்பெனியிலும் ஒரு திவ்யா வந்து சேர்ந்திருந்தால், நான் பிழையாகச் சொன்னாலும் உங்களுக்குப் புரிந்துவிடும்.

ஒரகடத்தில் எங்கள் யூனிட்டில் உட்கார்ந்து செய்கிற வேலை இது ஒன்றுதான். இரண்டு ஸ்டூல். ஒன்றில் பதினோரு வருடமாக நான், இன்னொன்றில் கன்னியம்மா. மற்றதெல்லாம் நின்றே செய்கிற வேலை. என் முட்டி அதைத் தாங்காது. டிப்ளமோ முடித்த திவ்யாவைக் கொண்டுவந்து எங்கள் பெஞ்சில் விட்ட அன்றே, எங்கள் இரண்டு பேரில் ஒருத்தி நின்று செய்கிற பேக்கிங்குக்குப் போகப்போகிறாள் என்று கணக்குப் போட்டுவிட்டேன்.

வெள்ளைத் தடம்

ஸ்டீல் தகடுகளில் வேர்வைக் கை பட்ட இடமெல்லாம் காய்ந்து வெள்ளைத் தடம். தின்னரை ஊற்றி அரை மணி நேரம் தேய்த்தேன். போகவில்லை. திவ்யா ஈரத் துணியால் ஒரே இழுப்பு இழுத்தாள், தகடு கண்ணாடி மாதிரி ஆகிவிட்டது. “வேர்வையில உப்பு இருக்குல்லக்கா, உப்பு தின்னர்ல கரையாது” என்றாள், ரொம்பப் பணிவாக. அந்தப் பணிவுதான் எனக்கு எரிந்தது.

சூப்பர்வைசர் குமரேசன் பார்த்துக்கொண்டே நின்றார். “இன்னா மல்லிகாக்கா, பதினோரு வருசமா தண்ணின்னு ஒண்ணு இருக்கறதே உனுக்குத் தெரியாதா?”

பாதி வகுப்பு

மறுவாரம் அவளையே எங்களுக்கு வகுப்பெடுக்கச் சொன்னார்கள். ஒவ்வொரு திரவமும் கண்ணுக்குத் தெரியாத துணுக்குகளால் ஆனதாம். தண்ணீர்த் துணுக்கில் ஒரு பக்கம் கொஞ்சம் பிளஸ், ஒரு பக்கம் கொஞ்சம் மைனஸ், டார்ச் செல் மாதிரி. அப்படி இருந்தால் அதற்குப் பேர் போலார். போலார் போலாரோடு சேரும். ஐபிஏ என்று நாங்கள் சொல்லும் ஸ்பிரிட்டும் அந்த வகைதான் என்று சொல்லி, பாட்டிலில் தண்ணீரோடு ஊற்றிக் காட்டினாள். இரண்டும் ஒன்றாகிவிட்டன.

அடுத்து பெட்ரோல் வாடையடிக்கும் ஹெக்சேன் பாட்டிலை எடுத்தாள். அதற்குள் குமரேசன் கைதட்டினார். எனக்குப் பதினோரு வருடத்தில் ஒரு நாளும் தட்டியதில்லை. சகிக்காமல் எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விட்டேன்.

வகுப்பு முடிந்ததும் என்னைத் தேடி வந்தாள் கன்னியம்மா. “இன்னாக்கா பாதியில எழுந்துகினு வந்துட்ட, அந்தப் பொண்ணு பேசுனா காதுல முள்ளு குத்துதா?”

டப்பா சொன்ன பொய்

எங்களுக்காக டப்பாக்களில் தமிழிலேயே சீட்டு ஒட்டினாள் திவ்யா. ஐபிஏ கலந்த தண்ணீர் டப்பாவில் ‘போலார்’. ஹெக்சேன் டப்பாவில் ‘நான் போலார்’. அன்றைக்கு வந்த தகடுகளில் உப்புத் தடம். உப்புக்குப் போலார்தான் என்பது வரைக்கும் எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. இரண்டு டப்பாவையும் பார்த்தேன். ஒன்று வெறுமனே போலார் என்கிறது. மற்றது ‘நான் போலார்’ என்று நெஞ்சைத் தட்டிச் சொல்கிறது. தைரியமாகச் சொல்கிறதே என்று அதையே எடுத்து ஒரு ட்ரே முழுக்கத் துடைத்தேன்.

ஹெக்சேன் எண்ணெய்ப் பிசுக்கைத்தான் எடுக்குமாம், உப்பைத் தொடவே தொடாதாம். அடித்த பெயின்டெல்லாம் ஈரச் சோதனையில் கொப்பளித்து, ட்ரே அப்படியே திரும்பி வந்தது. ஏன் இந்த டப்பாவை எடுத்தேன் என்று சொன்னதும் திவ்யா வாயைப் பொத்திக்கொண்டாள்.

“ஐயோ அக்கா, அந்த நான் நம்ம நான் இல்ல, இங்கிலீசுல நான்னா இல்லைன்னு அர்த்தம்!”

அதிலும் முந்திக்கொண்டாள்

குமரேசன் யார் தப்பு என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள், “என் தப்பு சார், புரியற மாதிரி எழுதல” என்று சொல்லிவிட்டாள் திவ்யா. தப்பையாவது எனக்கு விட்டுவைக்கக் கூடாதா? அதற்கும் அவளுக்குத்தான் பாராட்டு.

என் பக்கம் திரும்பி விரலை நீட்டினார். “அந்தப் பொண்ணுக்கு எவ்ளோ பெரிய மனசு பாரு, இன்னொரு ட்ரே திரும்பிச்சுன்னா நீ பேக்கிங்தான்க்கா.”

சொந்தக்காரச் சீட்டு

மறுநாள் சீக்கிரமே வந்து, கன்னியம்மாவை உட்காரவைத்து, ஹெக்சேனைப் பற்றி நான் விட்டுப்போன பாதியைச் சொல்லச் சொன்னேன். திவ்யாவின் சீட்டுகளைச் சுரண்டி எடுத்தேன். ஐபிஏ டப்பாவில் ‘தண்ணிக்குச் சொந்தம்: உப்பு, வேர்வை’ என்று எழுதினேன். ஹெக்சேன் டப்பாவில் ‘எண்ணெய்க்குச் சொந்தம்: கிரீஸ், பிசுக்கு’. அதற்குப் பிறகு ஒரு ட்ரேகூடத் திரும்பவில்லை. பேக்கிங்குக்கு யாரையும் அனுப்பவுமில்லை. திவ்யாவுக்கு மூன்றாவது ஸ்டூல் வந்தது.

போன மாதம் பெரிய அதிகாரி ஒருவர் வந்து சீட்டுகளைப் படித்துவிட்டு நேராக அவளிடம் போய்க் கைகொடுத்தார். “எவ்வளவு எளிமையா எழுதியிருக்கேம்மா, படிச்ச பொண்ணுன்னா இப்படித்தான் இருக்கணும்!”

எழுதியது மல்லிகாக்கா என்று அவள் சொல்ல வாயெடுப்பதற்குள், கூடவே திரும்பி வந்த ட்ரே கதையும் வெளியே வந்துவிடுமே என்று அவள் காலை மெதுவாக மிதித்து, பேர் போனால் போகட்டும் ஸ்டூல் மிஞ்சினால் சரி என்று, பொறாமையை மென்று விழுங்கிவிட்டு அடுத்த தகட்டைத் துடைக்க ஆரம்பித்தேன்.