பஸ்ஸைத் தட்டிய கை

மருத்துவமனை நடைவழியில் ஸ்ட்ரெச்சரில் கிடந்தபோது, என் வயிற்றின் மேல் யாரோ கையை வைத்திருப்பதாக நினைத்தேன். கனமாக இருந்தது. எடுக்கச் சொல்லலாம் என்று குனிந்து பார்த்தால், அந்தக் கையின் விரலில் என் வெள்ளி மோதிரம். அது என் வலது கைதான். வலி கொஞ்சமும் இல்லை. வலிக்கவில்லையே என்று அப்போது நிம்மதிப்பட்டதை இப்போது நினைத்தால் எரிச்சலாக வருகிறது.

இதை இடது கையால் எழுதுகிறேன். பதினான்கு மாதப் பழக்கம். விபத்தில் கை மரத்துப்போய், எப்போது சரியாகும் என்று ஒவ்வொரு டாக்டரின் முகத்தையும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்கள் இதைப் படிக்கலாம். ஆறுதல் சொல்ல எனக்கு வராது. நடந்ததைச் சொல்கிறேன். அதில் நான் சில வாரங்கள் மறைத்து வைத்திருந்ததும் உண்டு.

எனக்கு வீடு முத்தியால்பேட்டையில். வேலை பெரிய மார்க்கெட்டுக்குப் பக்கத்தில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில். ஃபிரேமில் லென்ஸ் பொருத்துவது, கடுகளவு திருகாணிகளை முடுக்குவது. இருபத்திரண்டு வருடமாக அங்கே சைக்கிளில்தான் போய் வந்தேன்.

காலாப்பட்டுப் பக்கமிருந்து வரும் தனியார் பஸ்களுக்கு எப்போதும் பின்னால் வரும் பஸ்ஸைப் பற்றித்தான் கவலை. சைக்கிளை அவர்கள் ஒரு வண்டியாகவே மதிப்பதில்லை. காதுக்குப் பின்னால் ஹாரனை அலறவிட்டு, முந்திக்கொண்டு வந்து, நமக்கு முன்னாலேயே இடது பக்கம் ஒடித்து நிறுத்துவார்கள். நாங்களும் சும்மா இருப்பதில்லை. பஸ் உரசிக்கொண்டு வந்தால் எட்டி அதன் தகரத்தில் ஓங்கி அறைவோம். இங்கே ஒரு ஆள் இருக்கிறான் என்று அதற்கு அர்த்தம். அப்படி அறைந்த நாட்களில் வீட்டுக்கு வந்து என் மனைவி ஷமீமாவிடம், "இன்னிக்கு ஒருத்தனுக்கு ரெண்டு குடுத்தேன் பாரு" என்று பெருமையடித்துக்கொள்வேன்.

அன்று காலை மணிக்கூண்டு ஸ்டாப்பிலும் அதுதான் நடந்தது. பஸ் என்னை முந்தி வந்து ஓரம் கட்டியது. பஸ்ஸுக்கும் நடைபாதைக்கும் நடுவில், பின்பக்கப் படிக்கட்டுக்கு அருகே, நான் சைக்கிளோடு மாட்டிக்கொண்டேன். இடது காலை நடைபாதையில் ஊன்றி, வலது கையால் பஸ்ஸை இரண்டு முறை அறைந்தேன். பஸ் நகர்ந்தது. டிரைவர் வலது பக்கம் திருப்ப, பின்பகுதி என் பக்கம் சாய்ந்து வந்தது. படிக்கட்டுக் கம்பியில் என் முழுக்கைச் சட்டையின் மணிக்கட்டுப் பொத்தான் பட்டி மாட்டிக்கொண்டது. கை மேல்நோக்கி இழுபட, பத்தடி தூரம் பஸ்ஸோடு போனேன். சட்டை கிழிந்த பிறகு விழுந்தேன்.

பிரேக்கியல் பிளெக்சஸ் காயம் (கழுத்திலிருந்து கைக்குப் போகும் நரம்புப் பின்னல் இழுபட்டுச் சேதமாவது) என்றார் டாக்டர். நாற்பது வயதிருக்கும் அந்த அம்மாவுக்கு. எதையும் சர்க்கரை தடவிச் சொல்லத் தெரியாதவர். எனக்கு அவரைப் பிடித்திருந்தது.

மறுநாள் வார்டுக்கு ஒரு போலீஸ்காரர் வந்து வாக்குமூலம் எழுதிக்கொண்டார். "ஓரமா நின்னுகிட்டிருந்தேன். பாக்காம வண்டிய எடுத்துட்டாங்க" என்றேன். அதில் ஒரு வார்த்தையும் பொய் இல்லை. ஷமீமாவின் தம்பி ரபீக் பக்கத்தில் நின்று, "நல்லா எழுதிக்குங்க சார், இவனுங்க லைசன்ஸப் புடுங்கணும்" என்றான்.

தோளும் முழங்கையும் ஆறு வாரத்தில் திரும்பி வந்தன. முழங்கைக்குக் கீழே எதுவும் வரவில்லை. இதற்கிடையில், நான்காவது வாரத்தில், இ.எம்.ஜி. (தசைக்குள் மெல்லிய ஊசி செலுத்தி நரம்பின் வேலையைப் பார்க்கும் பரிசோதனை) எடுத்தார்கள். ஊசி தோளில் குத்தியபோது வலித்தது. கீழே வர வர வலிக்கவில்லை. உள்ளங்கைக்கு வந்தபோது நான் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நரம்பு வேரோட பிடுங்கிக்கல. அந்த மட்டும் நல்லது" என்றார் டாக்டர். "உள்ளே இருக்கற இழை அறுந்திருக்கு. அது மறுபடி வளரணும். நாளைக்கு ஒரு மில்லிமீட்டர், அவ்வளவுதான் வளரும்."

"விரல் வரைக்கும் வர?"

"ரெண்டு வருஷத்துக்கு மேல ஆகலாம். முழுசா வரும்னு நான் சொல்லமாட்டேன் நசீர்."

ஷமீமா தையல் டேப்பைக் கொண்டுவந்து கழுத்திலிருந்து நடுவிரல் நுனி வரை அளந்தாள். எழுபத்து நான்கு சென்டிமீட்டர். எழுநூற்று நாற்பது நாள். அதற்குப் பிறகு நாங்கள் காலண்டரை அதிகம் பார்ப்பதில்லை.

டாக்டர் மாதம் ஒரு முறை என் கையின் மேல் விரலால் தட்டிக்கொண்டே வருவார். நரம்பு வளர்ந்து வந்து நிற்கும் இடத்தில் தட்டினால் மின்சாரம் தொட்டதுபோல் சுருக்கென்று ஓடும். அந்த இடத்தில் ஷமீமா பேனாவால் கோடு போடுவாள். குளித்தால் அழிந்துவிடும் என்பதால் தினமும் அதே இடத்தில் மறுபடி போடுவாள்.

எனக்கு அந்த நாட்களில் அழுகை வரவில்லை, கோபமும் வரவில்லை. சோறு இடது கையால் சாப்பிட்டேன். சொந்தக்காரர்கள் அதைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் பார்த்தார்கள். வெந்நீர்ப் பாத்திரத்தில் வலது கை பட்டுத் தோல் உரிந்திருப்பதை, ஷமீமா சொன்ன பிறகுதான் பார்த்தேன். (உங்கள் கையும் மரத்திருந்தால் இதை மட்டும் கேளுங்கள்: அடுப்படிக்குப் போகும்போதெல்லாம் அந்தக் கையைக் கண்ணால் பார்த்துக்கொண்டே இருங்கள்.) மனமும் அப்படித்தான் இருந்தது. சுட்டால்கூடத் தெரியாது.

ஏழாவது வாரம், பிசியோதெரபி அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். காக்கிச் சட்டைக்காரர் ஒருவர் வந்து எதிரில் நின்றார்.

"பாய், நான்தான் அந்த வண்டி டிரைவர். ஏழுமலை."

"தெரியுது."

"திட்டணும்னா திட்டுங்க. உங்கள முந்திகினு வந்து ஓரங்கட்டுனது தப்புதான். ஆனா தட்டாம நான் வண்டிய எடுக்கமாட்டேன் பாய். பதினெட்டு வருசமா ஓட்டுறேன். பின்னாடி ரெண்டு தட்டு கேட்டுச்சு, எடுத்தேன். கண்டக்டர் முருகையன் தட்டவே இல்லன்றான். முன்னாடி டிக்கெட் போட்டுகினு இருந்தேன்னு பொண்ணு மேல சத்தியம் பண்றான். தட்டுனான்னு நான் சொல்றேன். பதினோரு வருசம் ஒண்ணா ஓடுன வண்டி பாய். ஓனர் அவனை நிறுத்திட்டாரு. நீங்க அங்கியே நின்னீங்க. அவன் தட்டுனதப் பாத்தீங்களா?"

எங்கள் ஊர் பஸ்ஸில் கண்டக்டர் தகரத்தில் ஒரு தட்டு தட்டினால் நிறுத்து, இரண்டு தட்டினால் போ. பஸ்ஸில் ஏறிய எவருக்கும் இது தெரியும். எனக்கும் தெரியும். அறைகிற நேரத்தில் அது நினைவில் இல்லை. ஆனால் விழுந்து கிடந்தபோதே புரிந்துவிட்டது. அந்த பஸ்ஸைப் போகச் சொன்னவன் நான்தான்.

"எனக்கு ஞாபகமில்ல" என்றேன்.

அவர் என் மடியில் கிடந்த கையைப் பார்த்தார். "ஒடம்பப் பாத்துக்குங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அதை நான் வீட்டில் சொல்லவில்லை. ரபீக்தான் எங்கேயோ கேட்டுவந்து ஷமீமாவிடம் சொல்லியிருக்கிறான், டிரைவரும் கண்டக்டரும் ஒருவர் மேல் ஒருவர் பழி போட்டுக்கொள்கிறார்கள் என்று சிரித்துக்கொண்டே. மறுநாள் காலை கோடு போடும்போது அவள் கேட்டாள்.

"என்னங்க, அன்னிக்கு நீங்க பஸ்ஸைத் தட்டுனீங்களா?"

"ம்."

"எத்தன?"

"ரெண்டு."

அவள் பேனாவை மூடினாள். "அந்தக் கண்டக்டர் வீட்டுல என்ன பண்ணுவாங்க?" என்று மட்டும் கேட்டாள். எனக்கு வெட்கமாக இருந்தது. பல வாரங்களுக்குப் பிறகு எனக்குள் சரியாகத் தெரிந்த முதல் உணர்வு அதுதான்.

ஸ்டேஷனில் புதிதாக எழுதிக் கொடுத்தேன். முந்தி வந்து ஓரம் கட்டியதையும் எழுதினேன், நான் இரண்டு முறை தட்டியதையும் எழுதினேன். இடது கையால் கையெழுத்துப் போட்டேன். ரபீக் வாசலில் நின்று கத்தினான். "மச்சான், உங்களுக்குப் பைத்தியமா? கேஸு ஒண்ணுமில்லாமப் போயிடும். கை போனது உங்களுக்குத்தான, அவனுங்களுக்கா?"

"எனக்குத்தான்" என்றேன். வேறென்ன சொல்வது?

முருகையனைத் தேடிக்கொண்டு தேங்காய்த்திட்டுக்குப் போனேன். துறைமுகத்தில் ஏலம் முடிந்த நேரம். ஐம்பது வயதுக்கு மேலிருக்கும் மனிதர், மீன் பெட்டிகளில் ஐஸ் அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தார். கைகள் சிவந்திருந்தன. நான் சொன்னதை நிமிராமல் கேட்டார்.

"ரெண்டு தட்டுனீங்களா?"

"ஆமா."

"ஒண்ணு தட்டியிருந்தா நின்னிருப்பானே பாய்."

மன்னித்தேன் என்றோ, பரவாயில்லை என்றோ அவர் சொல்லவில்லை. இன்னொரு பெட்டியை இழுத்து வைத்துக்கொண்டார். விரலெல்லாம் விறைத்துப்போய்விட்டது என்று, என்னிடம் இல்லை, பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார்.

அடுத்த மாதமே அவரை ஓனர் திரும்ப எடுத்துக்கொண்டார் என்று கேள்விப்பட்டேன். ஏழுமலை மேல் கேஸ் இன்னும் நடக்கிறது. கடையில் என்னை கவுன்டருக்கு மாற்றிவிட்டார்கள். வந்தவர்களை எழுத்துப் பலகையைப் படிக்கச் சொல்கிறேன். திருகாணி முடுக்கும் மேசையில் இப்போது வேறொருவர் உட்காருகிறார். அந்தப் பக்கம் நான் அதிகம் போவதில்லை.

சைக்கிள் ஓட்ட முடியாது. பிரேக் பிடிக்க விரல் வேண்டும். அதனால் பஸ்ஸில் போகிறேன். போன வாரம் கோடு முழங்கைக்கு நான்கு விரற்கடை கீழே இருந்தது. நானூறாவது மில்லிமீட்டர் என்று ஷமீமா சொன்னாள். அன்று வந்தது அந்த பஸ். முருகையன் என்னைப் பார்த்து, "ஏறுங்க பாய்" என்றார். ஏழுமலை கண்ணாடியில் ஒரு முறை பார்த்தார். அவர்கள் இருவரும் இன்னும் பேசிக்கொள்வதில்லை என்று அந்த பஸ்ஸில் தினமும் போகிறவர்கள் சொன்னார்கள். பேச்சுக்குப் பதில் தட்டுதான்.

கூட்டம் பிதுங்கியது. நான் பின்பக்கப் படிக்கட்டில் இடது கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அஜந்தா சிக்னல் தாண்டிய ஸ்டாப்பில் ஆட்கள் இறங்கினார்கள். முருகையன் முன்னால் கூட்டத்தில் சிக்கியிருந்தார். அங்கிருந்தே குரல் கொடுத்தார்.

"பாய், பின்னாடி எறங்கிட்டாங்களா? தட்டுங்க!"

வெளியே எட்டிப் பார்த்தேன். பஸ்ஸுக்கும் நடைபாதைக்கும் நடுவில் ஒரு பெண் சைக்கிளோடு நின்றிருந்தாள். ஹேண்டில்பாரில் காய்கறிப் பை. இடது காலை நடைபாதையில் ஊன்றியிருந்தாள். அறைவதற்காக அவள் வலது கை பாதி உயர்ந்திருந்தது. என்னைப் பார்த்ததும் அப்படியே நின்றது.

என்னிடம் ஒரு கைதான் சும்மா இருந்தது. தோளிலிருந்து அதைத் தூக்கித் தகரத்தின் மேல் போட்டேன். ஒரு தட்டு.

"இன்னா பாய்?"

"சைக்கிள் நிக்குது."

பஸ் அசையவில்லை. அந்தப் பெண் சைக்கிளைத் தூக்கி நடைபாதை மேல் ஏற்றி, தள்ளிக்கொண்டு போனாள். அவள் முழுவதும் விலகும்வரை பார்த்தேன். அப்புறம் கையை மறுபடி தூக்கினேன்.

இரண்டு தட்டு. காதுக்குக் கேட்டது. அதிர்வு தோளுக்குத் தெரிந்தது. உள்ளங்கைக்கு எதுவும் தெரியவில்லை. பஸ் புறப்பட்டது.