பிரதீப்பின் மைக்கில் கேட்ட தப்புச் சத்தம்

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நாங்கள் மூன்று பேரும் ஒரு கல்பாலத்தைக் காத்துக்கொண்டிருந்தோம்...

கேமில்தான்! பயப்படாதீர்கள்.

இந்த கேமில் துப்பாக்கி கிடையாது. எதிரே வருகிறவனை மந்திரத்தால்தான் சுட வேண்டும். வலது கையில் நெருப்பு, இடது கையில் கேடயம். (மந்திரவாதிக்கும் சிக்னல் வேண்டும் என்பதுதான் எங்கள் மலையில் பிரச்சினை.)

எங்கள் டீமில் நான் இருப்பது தலவாக்கலையில். சுதர்சன் கினிகத்தேனையில் அப்பாவின் துணிக்கடையைப் பார்த்துக்கொள்கிறான். பிரதீப் ஹட்டன் டவுன்.

ஹட்டன் டவுன் என்று அவன்தான் சொல்லியிருந்தான். நாங்களும் நம்பியிருந்தோம்.

பிரதீப் நன்றாக விளையாடுவான், ஆனால் சரியான ஊமைக்கோட்டான்! ஏதாவது சொல்ல வேண்டும் என்றால் மட்டும் மைக்கைத் திறப்பான். சொல்லி முடித்ததும் மூடிவிடுவான்.

அன்றைக்கு என்ன அவசரமோ, மூட மறந்துவிட்டான்.

முதலில் தகரத்தில் மழை விழுகிற சத்தம் வந்தது. இங்கேயும் அதே மழைதான், அதனால் நாங்கள் கண்டுகொள்ளவில்லை.

பிறகு டம் டம் என்று ஓர் அடி.

"அக்கா, பெரிய பாஸ் எதிரி ஒண்ணு வருது போல. சவுண்டே வேற மாதிரி இருக்கு!" என்றான் சுதர்சன்.

நானும் கேடயத்தைத் தூக்கிக்கொண்டு நாலு பக்கமும் திரும்பிப் பார்த்தேன். பாலத்தில் எதுவும் வரவில்லை.

அடி மட்டும் நிற்கவே இல்லை. நடுவில் யாரோ ஒரு பெண், தன் பிள்ளையின் பெயரைச் சொல்லிக் கத்திக்கொண்டு ஓடுவது கேட்டது.

அது கேம் இல்லை. தப்பு மேளம் அடிக்கிறார்கள்!

தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர்களுக்குத் தெரியும். சாமி ஊர்வலத்துக்கு ஓர் அடி இருக்கிறது, சாவுக்கு ஓர் அடி இருக்கிறது. இது இரண்டுமே இல்லை. தாளம் எதுவும் இல்லாமல், ஆட்களை வெளியே கூப்பிடுவதற்காகவே அடிக்கிற அடி.

"பிரதீப், ஒங்க வீட்டுப் பக்கத்துல தப்பு அடிக்கிறாங்க. ஹெட்செட்டக் கழட்டிட்டு வெளிய போய்ப் பாரு!"

"அது... டிவி, அக்கா," என்றான்.

உடனே மைக்கை மூடிவிட்டான்.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. அவன் ஏன் மூடினான் என்று எனக்கு நன்றாகத் தெரியும். லயம் என்பது தோட்டத் தொழிலாளர்களுக்கு ஒரே கூரையின் கீழ் வரிசையாகக் கட்டிய அறைகள்; அங்கே பக்கத்துக் காம்பராவில் ஒருவர் இருமினாலும் நம் மைக்கில் கேட்கும். கேட்டுவிட்டால், நாம் இருப்பது டவுனில் இல்லை, லயத்தில் என்று தெரிந்துவிடும்.

அவன் பக்கத்தில் நடப்பது இனி எங்களுக்குக் கேட்காது. ஆனால் நாங்கள் பேசுவது அவனுக்குக் கேட்கும். அது ஒன்றுதான் மிச்சம்.

தொண்டை கிழியக் கத்தினேன்.

"டேய் பிரதீப், நானும் லயத்துல பொறந்தவதான்டா! எங்கம்மா இன்னமும் கொழுந்து எடுக்கத்தான் போறாங்க. வெக்கப்படுற நேரமா இது? மண்ணு சரியுது போல இருக்கு. கழட்டுடா அத!"

இத்தனை காலம் பழகியும் இதைச் சுதர்சனிடம்கூட நான் சொன்னதே இல்லை.

திரையில் பிரதீப்பின் உருவம் அப்படியே நின்றது. கையில் நெருப்பு எரிந்துகொண்டிருந்தது, ஆனால் அவன் சுடவில்லை.

எதிரிகள் வந்தார்கள். நானும் சுதர்சனும் அவனுக்கு இரண்டு பக்கமும் நின்று தடுத்தோம். அவனைத் தனியாக விட்டுவிட்டு நகர மனசு வரவில்லை.

"அக்கா, வெளிய போயிருப்பான்ல?"

"போயிருப்பான்டா."

கொஞ்ச நேரத்தில் அந்த உருவமும் மறைந்துவிட்டது. தொடர்பு இல்லை என்று ஒரு வரி மட்டும் திரையில் வந்தது.

போன் அடித்தோம். மணி போகவே இல்லை. இரண்டு பேரும் மாறி மாறி அடித்துக்கொண்டே இருந்தோம்.

மறுநாள் காலையில் அவனே கூப்பிட்டான்!

"அக்கா, நான் வெளிய வந்து பாத்தப்போ லயத்துல ஒருத்தரும் இல்ல. எல்லாரும் கோயில் பக்கம் ஓடிட்டாங்க. எங்க கதவு சாத்தியிருந்ததால நாங்க டவுனுக்குப் போயிட்டோம்னு நெனச்சிருக்காங்க. அம்மா காய்ச்சலுக்கு மாத்திர போட்டுட்டு அசந்து தூங்கிட்டு இருந்தாங்க. அவங்கள எழுப்பி, நெட்டுக்கு வச்சிருந்த போன மட்டும் எடுத்துக்கிட்டு ஓடுனோம். கோயில்கிட்ட போய்த் திரும்பிப் பாத்தா எங்க காம்பராவே இல்லக்கா."

அந்த லயத்தில் ஓர் உயிரும் போகவில்லை. கடவுளுக்கு நன்றி சொன்னேன். மழையில் நின்று தப்பு அடித்த அந்த மனிதர் யாரென்று எனக்குத் தெரியாது. அவருக்கும் இங்கேயே கையெடுத்துக் கும்பிடுகிறேன்.

அவனுடைய அம்மா போனை வாங்கினார்.

"தாயி, அந்த கேமுக்காக இவன நான் ஏசாத நாளே இல்ல..." என்றவர், மேலே பேச முடியாமல் அழுதுவிட்டார். நானும் அழுதேன்.

இதோடு முடிந்திருந்தால் சந்தோஷமாக ஒரு பதிவு போட்டிருப்பேன்.

இன்று பிரதீப் மறுபடியும் பேசினான். இதுவரை எல்லோரும் ஒரு பாடசாலையில் தங்கியிருந்தார்களாம்.

"அக்கா, ஸ்கூல் தொறக்கப் போறாங்களாம். லயத்துல மண்ணு விழாத காம்பரா கொஞ்சம் இருக்கு. அங்கயே திரும்பிப் போய் இருக்கச் சொல்றாங்க. செவத்துல கை நொழையுற அளவுக்கு வெடிப்பு இருக்குக்கா. கேட்டா வேற எடம் இல்லையாம். அம்மா போகலாங்குறாங்க. நாங்க போகவாக்கா?"

போகாதே என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. போகாதே என்றால் அம்மாவைக் கூட்டிக்கொண்டு எங்கே போவான்? நான் இருப்பதே வாடகைக்கு எடுத்த ஒற்றை அறையில்.

யோசித்துச் சொல்கிறேன் என்று போனை வைத்துவிட்டு இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

வெளியே மறுபடியும் இருட்டிக்கொண்டு வருகிறது.

அவன் என் பதிலுக்காகக் காத்திருக்கிறான். நான் என்ன சொல்லட்டும்?